நடுப்பகலில் ஹெட்லைட்

மட்டாஞ்சேரியில் அக்கா வீட்டுக்குள் நுழைந்து அரை மணி நேரத்துக்குள் மூன்று சாயா குடித்துவிட்டேன். எதையும் நான் கேட்கவில்லை. அத்தான்தான் ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்து, "சாயா" என்றார். முதல் தடவை உபசாரம் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை, கொடுத்ததை மறந்துவிட்டார் போல என்று நினைத்தேன். மூன்றாவது டம்ளரோடு வந்த கோமதி அக்காதான் விளக்கினாள்.

"அவருக்கு இப்ப அந்த ஒரு வார்த்தைதாம்லே இருக்கு. தண்ணி வேணும்னாலும் சாயா, ஃபேன் போடணும்னாலும் சாயா. எதுக்குச் சொல்லுதாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? சாயாவே போட்டுக் குடுத்துருவேன்."

எட்டு மாதத்துக்கு முன் அத்தானுக்குப் பக்கவாதம் வந்தது. வலது காலும் வலது கையும் முக்கால்வாசி திரும்பிவிட்டன. பேச்சு திரும்பவில்லை. மட்டாஞ்சேரி கிடங்குகளில் முப்பது வருடம் சுக்கையும் மிளகையும் முகர்ந்து பார்த்துத் தரம் சொன்ன மனிதர். தமிழ், மலையாளம், இந்தி, வியாபாரத்துக்குக் கொஞ்சம் கொங்கணி என்று நாலு பாஷையில் பேரம் பேசியவர். அவ்வளவும் போய் இந்த ஒரு சொல் மட்டும் நாக்கில் தங்கியிருந்தது.

அவரைப் பார்க்கப் போனேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அவருடைய வண்டியை எடுத்துக்கொண்டு வரத்தான் போனேன். அது பழைய ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள். என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையது. என்ன கம்பெனி என்று சொல்ல மாட்டேன், பின்னால் நடந்ததில் அதன்மேல் எந்தத் தப்பும் இல்லை. அக்கா போனில் சொன்னது இதுதான்: "வந்து அதைக் கொண்டு போயிரு தம்பி. அது இங்க நிக்கிற வரைக்கும் இவரு வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டாரு."

கிளம்ப வேண்டிய இடம் தென்காசிப் பக்கம் ஒரு மனநலக் காப்பகம். சனிக்கிழமை கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ஏற்பாடு. அக்கா தோப்பும்படியில் ஒரு தையல் கூடத்தில் வேலை பார்க்கிறாள். காலையில் அத்தானை உள்ளே விட்டு, வெளிக் கேட்டைப் பூட்டிவிட்டுப் போவாள். மத்தியானம் ஓடி வந்து சோறு போட்டுவிட்டு மறுபடி பூட்டிவிட்டுப் போவாள். அப்படி எத்தனை நாள் ஓட்ட முடியும்?

"டாக்டர் என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"பேச்சுதான் போயிருக்கு, புத்தி இருக்கலாம்னு சொன்னாரு. நானும் மூணு மாசம் நம்பினேன். அப்புறம்தான் இந்த லைட்டு." அக்கா குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. "ரெண்டு பேரு வண்டியை விலைக்குப் பாக்க வந்தாங்க. ஸ்டார்ட் ஆச்சு, ஓட்டிப் பார்த்தாங்க, நின்னு போச்சு. இவரு போயிப் போயி ஹெட்லைட்டைப் போடுதாரு. உச்சி வெயில்ல. அவங்க அணைப்பாங்க, இவரு போடுவாரு. சிரிச்சிட்டே போயிட்டாங்க. அதுலேருந்து யாரு வண்டிகிட்டப் போனாலும் பின்னாலேயே போயி லைட்டைப் போடுவாரு. பின்னே நான் என்னன்னு நினைக்கட்டும்?"

ராத்திரிச் சாப்பாடு குடம்புளி போட்ட மீன் குழம்பு. கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக் குழம்பு நாக்கில் ஏறும். இது தொண்டையில் இறங்கிய பிறகு ஏறுகிறது. மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அத்தானை எதிரே வைத்துக்கொண்டே அந்தக் காப்பகத்தைப் பற்றிப் பேசினோம். கதவைப் பூட்டி வைப்பார்களா, அடிப்பார்களா, மாதத்துக்கு எத்தனை தடவை பார்க்க விடுவார்கள் என்றெல்லாம். "அங்கேயும் லைட்டைப் போட்டுக்கிட்டே இருந்தா என்ன செய்வாங்களாம்?" என்று நான்தான் கேட்டேன். அக்கா சிரித்துவிட்டாள். அத்தான் மீன் முள்ளை இடது கையால் மெதுவாக எடுத்து இலையோரம் வைத்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை வண்டியருகே போனேன். லாரியில் ஏற்றி அனுப்பலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அக்காவும் கேட்டாள். நான் இயற்பியல் வாத்தியார். இருபத்தாறு வருடமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்கு மின்காந்தத் தூண்டல் நடத்துகிறேன். தூண்டு சுருளைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவேன். ஒரு பழைய வண்டியை ஓட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர முடியாதா என்ன?

ஹெட்லைட் தலைமேல் சாவி போடும் துளை. சுற்றி ஒரு காலத்தில் எழுத்துகள் இருந்திருக்க வேண்டும். உப்புக் காற்றும், அத்தான் துணி போட்டுத் தேய்த்த தேய்ப்பும் எல்லாவற்றையும் அழித்துவிட்டிருந்தன. சாவியை வலது பக்கம் திருப்பி உதைத்தேன். பத்து உதைக்கு மூச்சே இல்லை. அக்கா ஜன்னலிலிருந்து, "இடது பக்கம் திருப்புலே, அவரு எப்பவும் அப்படித்தான்" என்றாள். இடது பக்கம் திருப்பினேன். இரண்டாவது உதையில் கிளம்பிவிட்டது. ஓடுகிற பக்கம் ஒன்று இருக்கும்போது ஓடாத பக்கத்தைப் பற்றி யார் யோசிப்பார்கள்? நான் யோசிக்கவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

சத்தம் கேட்டு அத்தான் வந்துவிட்டார். நேராக வந்து சாவிக்குப் பக்கத்தில் இருந்த லைட் திருகைத் திருப்பி ஹெட்லைட்டைப் போட்டார். "சாயா" என்றார். நான் லைட்டை அணைத்துவிட்டு, அவர் தோளைத் தட்டி, "போயிட்டு வந்து குடிப்போம் அத்தான்" என்றேன். வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன்களிடம் பேசும் அதே குரலில் சொன்னேன் என்பது இப்போது எழுதும்போது உறைக்கிறது.

கோட்டைக் கொச்சிக் கடற்கரை வரை அருமையாக ஓடியது. திரும்பி வரும்போது, கிளம்பி இருபது நிமிடம் இருக்கும், வண்டி இருமத் தொடங்கியது. நாலு அடி அடித்தால் ஒன்று விடும். பிறகு இரண்டுக்கு ஒன்று. சுள்ளிக்கல் அருகே முழுதாக நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு போனேன். கோவில்பட்டியில் வண்டி தள்ளினால் வேர்வை காய்ந்துவிடும். இங்கே அது காய்வதே இல்லை, சட்டையிலேயே குடியிருக்கிறது.

அந்த வழியில்தான் ஜோஷியின் ஒர்க்‌ஷாப். முப்பத்தைந்து வயது இருக்கும். புதிய வண்டிகளுக்கு மத்தியில் இதைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். "இது சிவண்ணன்றெ வண்டியல்லே?" என்று அத்தானைக் குறிப்பிட்டுக் கேட்டார். நான் யார் என்று சொன்னேன். வாத்தியார் என்றதும் நான் மாஷ் ஆகிவிட்டேன். அங்கே வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அவர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பிளாட்டினம் பாயிண்டைத் தேய்த்து இடைவெளி சரி செய்தார். கண்டென்சரை மாற்றினார். பேட்டரி பாதிதான் இருக்கிறதென்று அதைக் கழற்றிச் சார்ஜில் போட்டார். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் சொன்னார்: "உப்புக் காற்றாக்கும் மாஷே. இங்கே மனுஷனே துருப்பிடிப்பான்." சாயங்காலம் வண்டி கிடைத்தது. இருட்டத் தொடங்கியிருந்ததால் லைட்டைப் போட்டுக்கொண்டு வந்தேன். ஒரு இருமல் இல்லை. தெருவில் ஒரு வட்டம் அதிகமாகவே அடித்துவிட்டு வீட்டுக்குள் வந்தேன்.

புதன்கிழமை காலை புட்டும் கடலையும் சாப்பிட்டுவிட்டு, சோதனைக்கு என்று கிளம்பினேன். பன்னிரண்டு நிமிடத்தில் நின்றது.

ஜோஷி தலையைச் சொறிந்தார். நான் கரும்பலகை இல்லாத குறையைத் தீர்க்க, சுண்ணாம்புக் கட்டியால் தரையிலேயே படம் போட்டேன். நேற்று காலை வெயில், நின்றது. நேற்று மாலை வெயில் இல்லை, ஓடியது. இன்று காலை வெயில், நின்றது. ஆகவே சூடு. காயில், அதாவது வண்டியின் தூண்டு சுருள், சூடாகிறது, உள்ளே சுற்றியிருக்கும் கம்பியின் மின்தடை ஏறுகிறது, பொறி பலவீனமாகிறது. ஜோஷி குனிந்து படத்தைப் பார்த்து, "மாஷ் சொல்வது சரிதான்" என்றார். எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது.

இந்த வண்டிக்குப் பொருந்தும் பழைய காயில் இடக்கொச்சியில் படகு எஞ்சின் பார்க்கும் ஒருவரிடம் இருக்கும் என்றார். பஸ் ஏறினேன். அது பாலங்களையும் காயலையும் தாண்டி, எறணாகுளத்தையும் தாண்டி, ஒரு மணி நேரம் போய்க்கொண்டே இருந்தது. பக்கத்து சீட்டில் இரண்டு பெண்கள் ஒரு கல்யாண வீட்டில் பிரியாணி போதாமல் போனதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். "அவங்க கணக்குப் போட்டது வர்றவங்களுக்கு, வந்தவங்க கூட்டிட்டு வந்தவங்களுக்கு இல்ல" என்றாள் ஒருத்தி மலையாளத்தில். அதை ரசித்துக்கொண்டிருந்ததில் எங்கே போகிறோம் என்று கவனிக்கவில்லை. இறங்கினால் எதிரே பெரிய மால். இடக்கொச்சி என்று நினைத்து இடப்பள்ளி பஸ்ஸில் ஏறியிருந்தேன். பஸ்ஸின் ஊர்ப் பலகை முழுக்க மலையாளம். நான் படித்ததெல்லாம் முதல் எழுத்து மட்டும்.

பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என் முழியைப் பார்த்தே, "தமிழா?" என்று கேட்டாள். ஆண்டிபட்டிக்காரி. "இது வடக்கு, நீங்க போக வேண்டியது தெக்கு. எதுத்தாப்ல நின்னு ஏறுங்க. கண்டக்டர்கிட்ட வாயத் தொறந்து கேளுங்க, வெக்கப்படாதீங்க. நான் வந்த புதுசுல மூணு நாளு ஒரே பஸ்ல சுத்தியிருக்கேன்" என்றாள். பையில் இருந்த கடலை மிட்டாயை எடுத்துக் கொடுத்தேன். அவள் எனக்கு ஒரு முழம் மல்லிகையைத் திணித்தாள். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இடக்கொச்சியில் படகு எஞ்சின்காரர் காயிலைக் கொடுக்கும்போது என் பையிலிருந்து தொங்கிய பூவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கடைக்குப் பக்கத்தில் மரவள்ளிக் கப்பையும் மீன் கறியும் சாப்பிட்டேன். அந்த நாளில் தெளிவாகப் புரிந்த ஒரே விஷயம் அந்தக் கப்பைதான்.

புது காயில் போட்டாகிவிட்டது. சாயங்காலம் லைட் போட்டு வீட்டுக்கு ஓட்டி வந்தேன், குறை இல்லை. பூவை அக்காவிடம் கொடுத்தேன். அவள் தலையில் வைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை நீ கிளம்பிருவல்லோ?" என்று கேட்டாள். கிளம்பிவிடுவேன் என்றேன். சுவரோரம் உட்கார்ந்திருந்த அத்தான் பூவைப் பார்த்து, "சாயா" என்றார். அக்கா போட்டுக் கொண்டுவந்தாள். அவர் அதைக் குடிக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் விடை அன்றே என் முகத்தில் வந்து மோதியது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டேன்.

காலையில் நான் கிளப்பும்போது அத்தான் வழக்கம்போல் வந்து லைட்டைப் போட்டார். அக்கா வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவரை அதட்டி உள்ளே இழுத்துப் போனாள். அவர் முகம் சிவந்து, "சாயா, சாயா, சாயா" என்று கத்தினார். அதைக் கேட்கச் சங்கடமாக இருந்ததால் லைட்டைக்கூட அணைக்காமல் கிளம்பிவிட்டேன். அரை மணி நேரம் ஓட்டினேன். நல்ல வெயில். வண்டி தேன் போல ஓடியது. காயில்தான் காரணம், வாத்தியார் வாத்தியார்தான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

தோப்பும்படி தாண்டியதும் எதிரே ஸ்கூட்டரில் வந்த ஒருவர் ஒரு கையை உயர்த்தி விரல்களைக் குவித்துக் குவித்து விரித்துக் காட்டினார். உங்களுக்கும் தெரியும் இந்த சைகை. பகலில் லைட் எரிகிறது, அணையுங்கள் என்று அர்த்தம். புது வண்டிகளில் லைட் எப்போதும் எரிவதால் அவற்றை யாரும் கண்டுகொள்வதில்லை. பழைய வட்ட லைட்டைப் பார்த்தால் மட்டும் நம் ஜனங்களுக்கு மனசு கேட்காது. அடுத்து ஒரு பால்காரர் காட்டினார். அடுத்து ஆட்டோக்காரர். தலையாட்டி நன்றி சொல்லிவிட்டு அணைத்தேன்.

ஏழு நிமிடத்தில் வண்டி நின்றது.

முதல் நாள் இருபது, இரண்டாம் நாள் பன்னிரண்டு, இப்போது ஏழு. ஒவ்வொன்றாகச் சரி செய்யச் செய்ய வண்டி மோசமாகிக்கொண்டு வந்தது. மாணவன் யாராவது இப்படி ஒரு அட்டவணையைக் கொண்டுவந்திருந்தால் எங்கேயோ காப்பியடித்திருக்கிறான் என்று அனுப்பியிருப்பேன். ஜோஷி வயரையெல்லாம் இழுத்துப் பார்த்தார். அவருக்கும் முகம் தொங்கிவிட்டது. "சிவண்ணன் இதை எப்படி ஓட்டினார்? தினமும் ஓட்டினாரே" என்றார். இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர் ஒருவர்தான், அவருக்குத்தான் பேச்சில்லையே என்று பெருமூச்சு விட்டேன். இதைச் சொன்னவன் அதற்கு அடுத்த படியை ஏன் ஏறவில்லை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. பத்து மணிக்கு விட்டது. வானம் மூட்டமாக, காற்று குளிர்ந்து கிடந்தது. சூடுதான் காரணம் என்றால் இன்று நிற்கக் கூடாது. அக்கா வேலைக்குப் போகும்போது என்னை நம்பிக் கேட்டைப் பூட்டாமல் போயிருந்தாள். பெட்டியில் அத்தானின் நாலு வேட்டியும் ஆறு சட்டையும் மடித்து வைத்திருந்தாள். பெட்டி கூடத்திலேயே இருந்தது.

நான் வண்டியை வெளியே எடுத்ததும் அத்தான் பின்னால் வந்து கேரியரை இடது கையால் பிடித்துக்கொண்டார். விடச் சொன்னேன், விடவில்லை. விரல்களைப் பிரித்துப் பார்த்தேன், இன்னும் இறுக்கினார். நாளைக்கு எங்கேயோ கொண்டுபோய் விடப்போகிறோம், ஒரு தடவை ஏற்றிக்கொண்டு போனால் என்ன என்று தோன்றியது. அக்காவுக்குத் தெரிந்தால் என்னைக் கொன்றுவிடுவாள். அவருக்கும் ஒரு ஹெல்மெட்டை மாட்டி, பின்னால் ஏற்றி, ஒரு துண்டால் அவர் இடுப்பையும் என் இடுப்பையும் சேர்த்துக் கட்டினேன். கிளப்பும்போது லைட் எரியாததைப் பார்த்து என் முதுகில் குத்தினார். குஷியில் குத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது நிமிடம் இருமல் தொடங்கியது. குளிர்ந்த காற்றில், மேகத்துக்குக் கீழே. என் சித்தாந்தம் அங்கேயே செத்தது. ஒரு சிக்னலில் நின்றோம். எஞ்சின் இதோ சாகப் போகிறேன் என்று துடித்துக்கொண்டிருந்தது. அப்போது அத்தான் தன் முழுப் பாரத்தையும் என் முதுகில் சாய்த்து, என் தோளுக்கு மேல் அந்த நீளமான இடது கையை நீட்டி, விரல் நுனியால் திருகை எட்டி, லைட்டைப் போட்டார்.

இரண்டு துடிப்பு. மூன்று. இருமல் நின்றது. வண்டி நிதானமாக அடிக்கத் தொடங்கியது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பச்சை விழுந்தது, ஓட்டினேன். எதிரே வந்த ஒரு மனிதர் விரல்களைக் குவித்து விரித்தார். என் கை தானாகப் போய் லைட்டை அணைத்தது. கொஞ்ச தூரத்தில் மறுபடி இருமல். மறுபடி முதுகில் பாரம், மறுபடி அந்தக் கை, மறுபடி லைட். மறுபடி வண்டி சீரானது. இன்னொருவர் சைகை காட்டினார், இந்த முறை ஒரு பெண். நான் அணைக்கப் போனேன். அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பிடியில் பைத்தியம் எதுவும் இல்லை. ஒன்றும் தெரியாத ஒருவனிடமிருந்து ஒரு காரியத்தை வாங்கிக்கொள்கிற, பொறுமை தீர்ந்த ஒரு மனிதனின் பிடி அது.

நேராக ஜோஷியிடம் போனேன். துண்டை அவிழ்த்து அத்தானை இறக்கினோம். நான் சொன்னதைக் கேட்டு ஜோஷி குனிந்து சாவித் துளையைப் பார்த்தார். பிறகு, "மாஷ் சாவியை எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள்?" என்று கேட்டார். நாலு நாளாக நானே சாவி திருப்பி, நானே உதைத்து, அவரிடம் ஓடுகிற வண்டியாகத்தான் நிறுத்தியிருக்கிறேன். இடது பக்கம் என்றேன். வலது பக்கம் வேலை செய்யாது என்பதையும் அப்போதுதான் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இடது பக்கம் அவசரத்துக்கு மட்டும். பேட்டரி செத்துப் போனால் வண்டியைக் கிளப்புவதற்காக வைத்தது. அப்போது எஞ்சினில் உண்டாகும் மின்சாரம் நேரே காயிலுக்குப் போகும், மிச்சம் பேட்டரியை நிரப்பும். பேட்டரி நிரம்ப நிரம்ப அது காயிலுக்குப் போகும் மின்சாரத்தையே எதிர்த்து நிற்கும். பொறி மெலிந்து வண்டி இருமும். கிளம்பியாயிற்று, இனி சாவியை வலது பக்கம் மாற்று என்று ஓட்டுகிறவனுக்கு நினைவூட்டும் ஏற்பாடு அது. நாங்கள் பேட்டரியைச் சார்ஜ் போட்டது முதல் அது சீக்கிரம் சீக்கிரமாக நினைவூட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. லைட் எரிந்தால் பேட்டரி நிரம்பாது, வண்டி நிற்காது. இவ்வளவுதான். பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்கு வெளியே ஒரு வரிகூட இல்லை.

ஜோஷி ஹெட்லைட்டைக் கழற்றினார். வலது பக்கத்துத் தொடுமுனை பச்சை பூத்து முழுதாக அரித்துப் போயிருந்தது. "இது இன்று நேற்றுப் போனதல்ல. எத்தனையோ வருஷமாச்சு" என்றார். அத்தான் அதைச் சரி செய்யவில்லை. இடது பக்கத்திலேயே வைத்து, பகலிலும் லைட்டைப் போட்டு, எதிரே வருகிறவர்கள் காட்டும் சைகைக்கெல்லாம் அசையாமல், தினமும் ஓட்டியிருக்கிறார். ஜோஷி அவரைப் பார்த்து, "சிவண்ணா, நாலு நாளாக இதைத்தான் சொன்னீர்களா?" என்று மலையாளத்தில் கேட்டார். அத்தான் கண்ணை மூடித் தலையை மேலும் கீழும் ஆட்டினார். பிறகு "சாயா" என்றார். அந்தச் சொல்லில் இருந்த அலுப்பைக் கேட்டு ஜோஷி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை ராத்திரி நான் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே கேட்ட கேள்வி நினைவுக்கு வந்துவிட்டது.

மத்தியானம் சோறு போட ஓடி வந்த அக்கா, கேட் திறந்து கிடப்பதையும் வீட்டில் யாரும் இல்லாததையும் பார்த்து அழுதுகொண்டு தெருவில் நின்றிருந்தாள். நாங்கள் போய் இறங்கியதும் என்னை அடிக்கக் கை ஓங்கினாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவளுக்குக் காயிலும் பேட்டரியும் புரிந்திருக்காது. லைட் மட்டும் புரிந்தது.

"அப்ப அது பைத்தியத்துல போடலையா?"

"இல்லக்கா. வண்டி ஓடறதுக்குப் போட்டார். நமக்குக் காட்டிக் குடுத்தார்."

அவள் முகம் மலர்ந்தது. அத்தானின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் தெரியுமா ஒங்களுக்கு? எல்லாம் புரியுதா?" என்றாள். அத்தான் தலையாட்டினார். எவ்வளவு நேரம் அந்தச் சந்தோஷம் இருந்ததென்று தெரியவில்லை. அது அவள் முகத்திலிருந்து வடிவதை நான் பார்த்தேன். பார்வை கூடத்தில் இருந்த பெட்டியின்மேல் போனது, அங்கிருந்து கேட்டில் தொங்கிய பூட்டுக்குப் போனது.

"அப்ப நான் பூட்டிட்டுப் போனதெல்லாம்?" என்றாள். "அவகிட்ட இவகிட்ட போன்ல பேசினதெல்லாம்? இவரு போயிட்டாக்கூடத் தேவலைன்னு, ஒங்க முன்னாலயே உக்காந்து சொன்னேனே, அதுவும் கேட்டுச்சா?"

அத்தான் நல்லாயிருந்த அந்த இடது கையை அவள் தலைமேல் வைத்து, "சாயா" என்றார்.

எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் சாயா போடப் போகவில்லை. அப்படியே வாசல்படியில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் வண்டியைத் துடைக்கிற சாக்கில் தெருப்பக்கம் போய்விட்டேன்.

சனிக்கிழமை நான் மட்டும்தான் கிளம்பினேன். வண்டி அங்கேயே நிற்கிறது. வலது பக்கத்தை ஜோஷி சரி செய்து கொடுத்துவிட்டார், இனி லைட் தேவையில்லை. காப்பகத்துக்கு அக்காவே போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டாள். தையல் கூடத்திலிருந்து வீட்டுக்கே துணி வாங்கித் தைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாள், பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். முடியாதென்றால் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

புறப்படும்போது அக்கா ஒரு காகிதப் பொட்டலத்தை என் பைக்குள் திணித்தாள். வாழைக்காய் வறுவலாக இருக்கும் என்று நினைத்து, பாதி வழியில் பிரித்தேன். கேட்டில் தொங்கிய பூட்டும் அதன் இரண்டு சாவியும் இருந்தன.